தமிழ் வகுப்பறை, திரை, நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம்தான். மதிப்பெண்ணைப் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் உண்மையான கேள்வி வரும்: "இந்த ஐபேட், ஸ்கிரீன் எல்லாம் தேவையா, டீச்சர்?" புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களும் வேறு சொற்களில் இதையே கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதி இங்கே.

நவீன வகுப்பறை என்றால் என்ன? ஆளுக்கொரு கருவி கொடுத்தால் ஆயிற்றா?

சக்கரம் வைத்த மேசை, தொடுதிரைப் பலகை, வண்ண வண்ண மெத்தை இருக்கை. புகைப்படத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்ப்பது வேறு கணக்கு. ஒரு மணி நேரப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் தமிழில் பேசியது?

சில ஆண்டுகளுக்கு முன் என் பாடத்தை நானே ஒலிப்பதிவு செய்து எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் 22 பேர். அறுபது நிமிடத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் என் குரல்தான். மிச்சத்தை 22ஆல் வகுத்தால் தலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. அதிலும் பாதி "யெஸ் டீச்சர்". அன்றைக்கு என் வகுப்பறையில் இருந்தது பள்ளியிலேயே புதிய தொடுதிரைப் பலகை.

ஆங்கிலம், கணிதம், அறிவியலுக்குச் சரி. தமிழுக்கு எதற்கு இதெல்லாம்?

தமிழுக்குத்தான் அதிகம் தேவை என்பேன். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் இந்தியர்கள் 41.6 விழுக்காடு. 2020இல் அது 59.2 விழுக்காடு. கணிதம் வகுப்பில் புரியாவிட்டால் வீட்டில் அப்பா விளக்குவார், இல்லாவிட்டால் டியூஷன் இருக்கிறது. தமிழில் பேசுவதற்கு ஆளே இல்லாத வீடுகள் இப்போது நிறைய. அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கத் தமிழ் காதில் விழும் ஒரே இடம் என் அறை. அங்கேயும் அது வாய்மூடி உட்கார்ந்திருந்தால் அப்புறம் எங்கே பேசும்?

ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் 22 பேர் பேசுவதைக் கேட்க முடியாது. ஒலிப்பதிவுக் கருவியால் முடியும். நான் தொழில்நுட்பத்தை வகுப்புக்குள் விட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

இதெல்லாம் கோவிட்டுக்குப் பிறகு வந்ததுதானே?

இல்லை. கல்வி அமைச்சின் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 1997இல் வந்தது. எஸ்எல்எஸ் என்று பிள்ளைகள் சொல்லும் மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கியபோது, அதுவரை வேண்டாதவர்கள்கூட அதற்குள் நுழைய வேண்டியதாயிற்று. அவ்வளவுதான்.

மேசை நாற்காலியை மாற்றிப் போட்டால் படிப்பு வந்துவிடுமா?

வராது. ஆனால் படிப்பு வருவதை மேசை நாற்காலி தடுக்கலாம்.

இங்கிலாந்தின் சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் 27 தொடக்கப்பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 3,766 பிள்ளைகள். ஓராண்டில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டுக்கு வகுப்பறையின் அமைப்பே காரணம் என்பது அவர்கள் கணக்கு. அதிலும் பாதி எதனால் தெரியுமா? வெளிச்சம், வெப்பநிலை, காற்று. மெத்தை இருக்கையும் சக்கர மேசையும் அதற்குப் பிறகுதான்.

இங்கிலாந்துக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில். ஆனால் நம் வகுப்பறையில் இதே விஷயம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான அறைகளில் மின்விசிறியும் திறந்த சன்னலும்தான். சன்னல் பக்கம் திரை இல்லாவிட்டால் காலை பத்து மணிக்குப் புரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் பின் வரிசைக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். "பள்ளி" என்று நான் சொல்வது "பல்லி" என்று போய்ச் சேரும். பிள்ளைக்கு உச்சரிப்பு வரவில்லை என்று திட்டுவதற்கு முன்னால், அதற்குக் கேட்டதா என்று பார்க்க வேண்டும். ஒலிப்பயிற்சி நேரத்தில் நான் விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்துவேன். "டீச்சர், ஹாட்!" என்று கூச்சல் வரும். "சூடாக இருக்கிறது என்று தமிழில் சொன்னால் போடுவேன்" என்பேன். ஒருவர் விடாமல் சொல்லிவிடுவார்கள்.

இடத்தை மாற்றுவது பற்றி: நம் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு சாதகம் உண்டு. தொடக்கநிலை 3க்கு மேல் மற்றப் பாடங்களில் நாற்பது பேர்வரை உட்காரும் இடத்தில், பல பள்ளிகளில் தமிழுக்கு வருவது அதில் பாதி, சில பள்ளிகளில் ஏழெட்டுப் பேர். பிள்ளைகள் தங்கள் வகுப்பிலிருந்து எழுந்து தமிழ் அறைக்கு வருகிறார்கள். அந்த அறையோ பல சமயம் வேறு யாரோ ஒருவருடைய வகுப்பறை. நாற்காலியை நகர்த்தினால் பாடம் முடிந்ததும் பழையபடி போட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்கு நான் கண்ட வழி, தரையில் வண்ண ஒட்டுநாடா. நீலக் குறி இருந்தால் லாட வடிவம், எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துப் பேச. சிவப்புக் குறி இருந்தால் இருவர் இருவராக. முதல் வாரம் நகர்த்த ஐந்து நிமிடம் ஆனது, இப்போது நாற்பது விநாடி. வரிசையாக உட்கார வைத்தால் பிள்ளை என்னிடம் மட்டும்தான் பேசும். எதிரெதிரே உட்கார வைத்தால் தோழியிடம் பேசும். தோழியிடம் பேசுவது ஆங்கிலமாகப் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். கையில் ஒரு வேலை கொடுத்து, அந்த வேலைக்கு வேண்டிய ஆறேழு சொற்களையும் பலகையில் எழுதிப்போட்டால் பாதிக்கு மேல் தமிழில் நடக்கும்.

சுவர் முழுக்க எழுத்து அட்டை, படம், ஆத்திசூடி எல்லாம் ஒட்டலாமா?

ஒட்டலாம், கொஞ்சமாக. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அலங்காரம் நிறைந்த அறையில் சிறு பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. சால்ஃபர்ட் ஆய்வும் சுவரில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. நான் ஒரு பாடத்துக்கு ஒரு சுவர் வைத்திருக்கிறேன். பாடம் முடிந்ததும் கழற்றிவிடுவேன். ஆசிரியர் தினத்துக்கு வந்த வாழ்த்து அட்டைகளைக் கழற்றும்போதுதான் மனம் வராது.

எந்தக் கருவி உண்மையிலேயே வேலை செய்தது?

முதலிடம் ஒலிப்பதிவுக்கு. ஐபேடிலேயே இருக்கும் சாதாரணப் பதிவுச் செயலி போதும். எஸ்எல்எஸ் தளத்திலும் பிள்ளை தன் குரலைப் பதிந்து அனுப்பலாம். முதல் முறை தன் குரலைக் கேட்கும்போது எல்லாரும் முகத்தை மூடிக்கொள்வார்கள். மூன்றாவது முறை "டீச்சர், நான் திரும்பப் பேசவா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். ஒரே பத்தியை ஒரு பிள்ளை தானாக முன்வந்து நான்கு முறை வாசிக்கிறது. நான் சொல்லியிருந்தால் ஒரு முறையோடு நின்றிருக்கும். வகுப்பில் கை தூக்கவே தூக்காத பிள்ளை பதிவில் இரண்டு நிமிடம் பேசியிருக்கும். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றே நினைத்திருப்போம். பதிவு மூலை ஒன்று செய்து வைத்தேன்: காலியான பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துண்டு ஒட்டியது, நடுவே ஐபேட். அதற்குள் தலையை விட்டுப் பேசினால் விசிறிச் சத்தம் குறையும். அதற்கு ஆன செலவு, பசை ஒரு டப்பா.

அடுத்தது, அசைவுப்படம். களிமண் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து, ஓட விட்டால் பொம்மை நடக்கும். சிங்கமும் முயலும் கதையை என் தொடக்கநிலை 4 பிள்ளைகள் அப்படிச் செய்தார்கள். ஒரு நிமிடப் படத்துக்கு நாங்கள் நான்கு பாடவேளை செலவழித்தோம். வீண் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். பாதி சரிதான். பொம்மை செய்த இரண்டு வேளையும் ஆங்கிலத்தில்தான் போயின. வசனம் எழுதி, குரல் கொடுத்த வேளைகளில்தான் தமிழ் வந்தது. இப்போது பொம்மைகளை நானே கொடுத்துவிடுகிறேன். நேராகக் குரலில் தொடங்குகிறோம்.

மூன்றாவது, யாரும் கண்டுகொள்ளாத விசுவலைசர், அதாவது தாளை மேலிருந்து படம்பிடித்துத் திரையில் காட்டும் கருவி. ஒரு பிள்ளையின் கையெழுத்துத் தாளை அதன் கீழே வைத்து, எல்லாரும் பார்க்க, "இந்த வாக்கியத்தை இன்னும் எப்படி எழுதலாம்?" என்று கேட்பது. பெயரை மறைத்துவிட வேண்டும். இதைவிடப் பயனுள்ள செயலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கஹூட் மாதிரி வினாடி வினா விளையாட்டுகள்?

பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு நல்லது. ஆனால் வேகத்துக்குப் புள்ளி கொடுப்பது தமிழுக்கு ஒத்துவரவில்லை. தமிழ் வாக்கியத்தை நம் பிள்ளைகள் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். நேரம் ஓடுகிறது என்றால் வாசிக்காமலே நிறத்தைப் பார்த்து அமுக்குவார்கள். வேகப்புள்ளியை நிறுத்திவிட்டு, பதிலைக் காட்டியதும் "ஏன் இது தப்பு?" என்று இரண்டு பேரைப் பேசச் சொல்லுங்கள்.

வாய்மொழித் தேர்வில் காணொளி காட்டுகிறார்களாமே? வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

ஆமாம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் 2017 முதல் பிள்ளை கணினியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளருடன் உரையாடுகிறது. பேரங்காடியில் ஒருவர் முதியவருக்கு உதவுகிறார் என்பது மாதிரி அன்றாடக் காட்சிகளைக் கொண்டு பழகினால் போதும். பல பிள்ளைகள் பார்த்ததை அப்படியே வரிசையாக ஒப்பிப்பார்கள், அத்தோடு நின்றுவிடுவார்கள். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்றதும் மௌனம்.

இதற்கு விலை கொடுத்துப் பயிற்சிக் காணொளி வாங்க வேண்டாம். கைப்பேசியில் நீங்களே உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் முப்பது விநாடி எடுங்கள். பூனைக்குச் சோறு வைக்கும் ஆன்ட்டி, மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையன், எது கிடைத்தாலும் சரி. ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டி, மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது, நீயாக இருந்தால் என்ன செய்வாய், ஏன். "ஏன்" என்பதில்தான் மதிப்பெண்ணும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? கையெழுத்து கெட்டுவிடாதா?

இரண்டும் வேண்டும். தொடக்கநிலை 1, 2இல் கைதான். எழுத்தின் சுழியும் வளைவும் கை வழியாகத்தான் மனத்தில் ஏறும்.

அதற்குப் பிறகு தட்டச்சு. இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாள்கள் அவை. அதைச் செய்தவர் இங்கே ஆசிரியராகவும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது.

விசைப்பலகை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். ஆங்கில எழுத்தை ஒலிபெயர்த்து அடிக்கும் முறை சுலபம்தான், ஆனால் பிள்ளை மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் 247ஐயும் அடித்துவிடலாம். க அடித்து இ அடித்தால் கி. உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்று நான் பலகையில் வருடக்கணக்காக எழுதிக்காட்டியது விரல் நுனியில் நடக்கிறது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முனகுவார்கள். தாக்குப்பிடியுங்கள்.

உயர்நிலைக்குப் போனால் கணினி வாங்க வேண்டுமாமே?

ஆம். 2021 முடிவிலிருந்து எல்லா உயர்நிலை மாணவர்களிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. எந்த வகைச் சாதனம் என்பதைப் பள்ளி முடிவு செய்யும், எனவே கடைக்கு ஓடிப்போய் முன்கூட்டியே வாங்காதீர்கள். மாணவர் கல்விச் செலவுக்கு அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். உயர்நிலை மாணவர் கணக்கில் ஆண்டுதோறும் 290 வெள்ளி சேரும். அது போதாவிட்டால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் உதவி உண்டு. கூச்சப்படாமல் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

கண் கெட்டுவிடாதா? திரை நேரம்?

இந்தக் கவலை சரியானதே. கிட்டப்பார்வை நம் பிள்ளைகளிடம் மிக அதிகம். சுகாதார அமைச்சின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டியில், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே திரை இருக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூடத் திறன்பேசிக்கு இடமில்லை. என் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் திரை பதினைந்து நிமிடத்தைத் தாண்டாது. அதிலும் ஒலிப்பதிவின்போது திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒலி சார்ந்த வேலை எனக்குப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணினிகளுக்குப் பெருமளவு செலவழித்த நாடுகளில் வாசிப்போ கணிதமோ அறிவியலோ குறிப்பிடும்படி உயரவில்லை என்றது. கருவியை வாங்கிவிட்டோம் என்பதால் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

செயற்கை நுண்ணறிவை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். என்ன செய்வது?

கண்டுபிடிப்பது சுலபம். பிடோக்கில் வசிக்கும் பிள்ளை "நாங்கள் ஆட்டோ பிடித்துச் சந்தைக்குச் சென்றோம்" என்று எழுதிக் கொண்டுவந்தது. இன்னொன்றில் தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்குப் புகார்க் கடிதம். சிங்கப்பூரில் ஆட்டோவும் இல்லை, மாநகராட்சியும் இல்லையே! வாக்கியங்கள் மட்டும் என்னைவிட நன்றாக இருந்தன.

திட்டுவதை விட்டுவிட்டு இதையே பாடமாக்கினேன். தேக்கா ஈரச்சந்தைக்குப் போனதைப் பற்றி இயந்திரத்திடம் ஒரு கதை எழுதி வாங்கி, திரையில் போட்டு, "இதில் எதெல்லாம் நம் ஊர் இல்லை?" என்று கேட்டேன். "டீச்சர், தேக்காவில் மாட்டு வண்டி இல்லை!" "மீன் கடை அங்கிள் இப்படிப் பேச மாட்டார்!" அப்படியானால் எப்படிப் பேசுவார்? மீன் கடை அங்கிளாக நடிக்க ஆறு பேர் போட்டி போட்டார்கள். அன்றைக்கு ஒலிப்பதிவு செய்திருந்தால் என் பங்கு பத்து நிமிடம்கூட வந்திருக்காது.

மெய்நிகர் கண்ணாடி?

ஒருமுறை கொண்டுவந்தார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எல்லாரும் "ஓ மை காட்" என்றார்கள். அது தமிழ் இல்லை. அதற்குப் பதிலாகக் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கு அழைத்துப்போங்கள். படிக்கிணறு மாதிரி கட்டிய கட்டடம். வெளியே வந்ததும் பூக்கடைக்காரரிடம் விலை கேட்கச் சொல்லுங்கள், தமிழில்.

புதிய ஆசிரியர் நான். பணமும் இல்லை, அறையும் என்னுடையது இல்லை. நாளைக்கு எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் பாடம் ஒன்றைப் பதிவு செய்து, யார் எவ்வளவு பேசினார்கள் என்று எண்ணுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அப்புறம் என்ன வாங்குவது, எதை நகர்த்துவது என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்குத் தமிழ் சரியாக வராது. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

தமிழ் பேசும் ஒருவர் குடும்பத்தில் எங்காவது இருப்பார். ஈசூனிலோ ஜோகூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு பாட்டி. வாரம் ஒரு முறை பிள்ளை அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பட்டும், முப்பது விநாடி போதும். பாட்டியின் பதில் மூன்று நிமிடம் வரும். அதில் புரியாத ஒரு சொல்லை எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும், இதுதான் என் வீட்டுப்பாடம். போன வாரம் வந்த சொல் "அங்கணம்". தெற்கத்தி வீடுகளில் பாத்திரம் கழுவும் இடம். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் என் அம்மாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன்.